‘மைனர்’ என்று எழுதினேன்

போன மாதம் ஐதராபாத் கொண்டாப்பூரில் ஒரு நிறுவனத்தின் பயிற்சி அறையில் உங்களில் முப்பது பேருக்கு முன்னால் நின்று பேசினேன். எல்லோரும் சேஃப்டி ஆபீசர் வேலைக்கு வந்து ஓரிரு வருடங்கள் ஆனவர்கள். மருந்து கம்பெனிக்காரர்கள் சிலர், கட்டடக் கம்பெனிக்காரர்கள் சிலர். நான் ஓய்வு பெற்றவன் என்பதால் சால்வை போர்த்தினார்கள். கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். மதுரைப் பக்கத்துப் பேச்சு.

“சார், மைனர் இஞ்சுரின்னு எதுவரைக்கும் எழுதலாம்?”

தயங்காமல் பதில் சொன்னேன். முதலுதவியோடு முடிகிற காயம், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆள் வேலைக்குத் திரும்பிவிடுகிற காயம் மைனர். அதற்கு மேல் போனால் அரசாங்கத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். சிலர் திரையில் இருந்ததை செல்போனில் படம் எடுத்தீர்கள். கூட்டம் முடிந்தது, சமோசா வந்தது.

குகட்பள்ளிக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் மைனர் என்றால் என்ன என்று கேட்கவில்லை. எதுவரைக்கும் எழுதலாம் என்று கேட்டார். மேலே இருப்பவர் அழுத்தும்போது எந்த இடம்வரை வளைந்து கொடுக்கலாம் என்பதுதான் அவர் கேள்வி. யாரோ அவரை ஏற்கனவே அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஆள் அந்த அறையில் நான் ஒருவன்தான். நான் சட்டப் புத்தகத்தை ஒப்பித்துவிட்டு வந்திருந்தேன்.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதை மாற்றவில்லை.

நான் சேஃப்டி ஆபீசராக வேலை பார்த்தது நகரத்துக்கு வெளியே இருந்த ஓர் அரசுத் தொழிற்சாலை. பெரிய இரும்புக் கலன்கள் செய்து, வர்ணம் பூசி அனுப்புவோம். தூத்துக்குடியிலிருந்து வேலைக்கென்று வந்தவன் நான். அங்கே என்னோடு வேலை பார்த்த டேவிட் அப்படியல்ல. அவருடைய அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று சைனிக்புரிக்குப் பின்பக்கம் வீடு கட்டியவர். டேவிட் பிறந்ததே இங்கேதான். வீட்டில் வேலூர்த் தமிழ், வெளியே தெலுங்கு, நண்பர்களோடு ஐதராபாத் இந்தி. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். பெயின்ட் ஸ்டோர் அவர் பொறுப்பில் இருந்தது. வர்ணமும், அதைக் கரைக்கிற, பொறி பட்டாலே பற்றிக்கொள்கிற தின்னரும் டிரம் டிரம்மாக இருக்கும் கிடங்கு அது. கூட வேலை பார்த்தவர் ராமுலு. பன்னிரண்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு ராமுலு குடும்பம் டேவிட் வீட்டில் சாப்பிடும், போனாலு பண்டிகைக்கு டேவிட் குடும்பம் ராமுலு வீட்டில் சாப்பிடும். கேன்டீனில் ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் கேட்காமல் எடுப்பார்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கலனைச் சங்கிலியில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கொக்கி வழுக்கி, சங்கிலி வீசி அடித்தது. டேவிடின் மேல் நேராகப் படவில்லை. ஒதுங்கப் போய், மல்லாக்க விழுந்தார். பின்மண்டை சிமென்ட் தரையில் அடித்தது. ஹெல்மெட் ஏற்கனவே கழன்று உருண்டுவிட்டிருந்தது.

நான் ஓடிப்போனபோது ராமுலு மடியில் தலையை வைத்து உட்கார்ந்திருந்தார். டேவிட் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “என்ன ஆச்சு சார்?” என்றார். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும், “என்ன ஆச்சு சார்?” என்றார். அதே குரலில், முதல் தடவை கேட்பதுபோல.

முதலுதவி அறையில் டாக்டர் இரண்டு தையல் போட்டார். “நினைவு தப்பியிருக்கிறது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது நல்லது. தலையை ஸ்கேன் எடுத்துவிடுங்கள்” என்றார். அவர் வாரத்தில் மூன்று நாள் வந்துபோகிற டாக்டர். சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

படிவம் என் மேஜையில் இருந்தது. காயத்தின் தன்மை என்ற இடத்தில் மூன்று கட்டங்கள். உயிரிழப்பு, கடுமையானது, மைனர். நான் பேனாவை எடுப்பதற்குள் பொது மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

அவர் ஈரோட்டுக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க எனக்கு ஆசைதான். அப்படிச் சொல்ல முடியாது. தொழிலாளியின் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் தானே போய் நிற்கிறவர். என் மகளின் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே வந்து பந்தல் வேலையைப் பார்த்தவர். அன்றைக்கு எங்கள் தொழிற்சாலை வாசலில் விபத்தில்லாத நாட்களின் கணக்கு ஒரு பலகையில் ஏறிக்கொண்டே வந்து, இன்னும் பதினோரு நாளில் தலைமை அலுவலகத்தின் கேடயம் எங்களுக்கு என்ற நிலை.

“ஏனுங்க, ஆளு எப்படி இருக்கான்?”

“உக்காந்து டீ குடிக்காரு சார். ஆனா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்காரு. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுதாரு.”

“எத்தனை தையலுங்க?”

“ரெண்டு.”

“ரெண்டு தையலு. டீ குடிக்கறான். இதைப் பெருசு பண்ணி யாருக்கு என்ன ஆகப்போகுதுங்க? இருநூறு பேரு ராத்திரி பகலா உழைச்சு வந்த நாளு அது. மைனர்தானே இது? நீங்களே சொல்லுங்க.”

நீங்களே சொல்லுங்க என்றார். எழுது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். உங்களையும் யாரும் எழுது என்று சொல்லமாட்டார்கள். நீங்களாகவே சொல்லும்படி கேட்பார்கள்.

“மைனர்தான் சார்” என்றேன்.

மைனர் என்ற சொல்லைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு மத்தியானம் மகளின் பழைய ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு மூலத்தில் சிறியது என்று பொருள் இல்லை. இன்னும் சிறியது, ஒன்றைவிடச் சிறியது என்று பொருள். அதாவது அந்தச் சொல்லே ஓர் ஒப்பீடு. வயது வராதவனை மைனர் என்கிறோம், வயது வந்தவனை வைத்து. எனவே ஒரு காயத்தை மைனர் என்று சொன்னால், எதைவிட என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. நாம் பாதியை மட்டும் எழுதி, மீதியை விழுங்கிவிடுகிறோம். அன்றைக்கு நான் டேவிடின் தலையை எதோடு ஒப்பிட்டேன்? வாசலில் இருந்த பலகையோடு. பதினோரு நாளைவிட அந்தத் தலை சிறியதாகத் தெரிந்தது. முழுவதையும் எழுதியிருந்தால் அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். கூசியிருக்கும், எழுதியிருக்கமாட்டேன். பாதிச் சொல்லாக இருந்ததால் கை கூசாமல் கட்டத்தில் டிக் போட்டது.

ஸ்கேன் எடுக்கவில்லை. எடுத்தால் காகிதம் உருவாகும். மறுநாள் காலை டேவிட் வீட்டுக்கு கம்பெனி ஜீப் போயிற்று. கட்டுப் போட்ட தலையோடு அவரை ஏற்றிக்கொண்டு வந்து ஸ்டோர் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தோம். இலகுவான பணி என்று அதற்குப் பெயர். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று வருகைப் பதிவேடு சொல்லும். இந்தத் தந்திரம் இன்றைக்கும் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

நான் போய், “முடியலைன்னா சொல்லுங்க டேவிட், வீட்டுக்கு அனுப்பிருதேன்” என்றேன்.

“நக்கோ சார், வேணாம். ஜி.எம். சாரே ஜீப் அனுப்பிச்சாரு. நான் இல்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?” என்று சிரித்தார். வெயில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். ராமுலு ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து அவர் முகத்துக்கு நிழல் கட்டினார்.

பதினோரு நாள் கழித்துக் கேடயம் வந்தது. லட்டு கொடுத்தார்கள்.

அதற்கு மூன்று வாரம் கழித்து டேவிட் என் அறைக்கு வந்தார். கையில் டீ டம்ளர்.

“சார், ஒண்ணு கேக்கணும். இந்த சாயா எப்படி இருக்கு உங்களுக்கு?”

“எப்பவும் போலத்தான் இருக்கு. ஏன்?”

“எனக்கு சுடுதண்ணி மாதிரி இருக்கு. வாசனையே வர்லை சார். எதுக்குமே வர்லை. முந்தாநேத்து அடுப்புல பாலு தீஞ்சு வீடே நாறிச்சாம். நான் பக்கத்துலயே பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருக்கேன். ஸ்டெல்லா வந்து கத்துறா, கைக்கு இப்படி உக்காந்திருக்கேன்னு.”

ஸ்டெல்லா அவர் மனைவி. கைக்கு என்றால் ஐதராபாத் இந்தியில் ஏன்.

“சளி பிடிச்சிருக்கும். ஆவி பிடிங்க.”

“சளி இல்ல சார். அன்னைக்கு விழுந்ததுல இருந்துதான்.”

“அது மைனர் அடி டேவிட். பின்மண்டையில பட்ட அடிக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?”

அவர் என்னை நம்பினார். “ஹவ் சார், ஆமா, அதுவும் சரிதான்” என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். பிறகு அதை ராமுலுவிடம்கூடச் சொல்லவில்லை.

சம்பந்தம் உண்டு. மல்லாக்க விழுந்தால் மூளை உள்ளே குலுங்கி, மூக்கிலிருந்து போகிற மெல்லிய நரம்புகள் அறுந்துபோகலாம். இதை ஒரு பயிற்சி வகுப்பில் நானே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது நினைவுக்கு வந்ததா என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்தது. முழுதாக இல்லை, ஓரமாக வந்து நின்றது. அதை நான் உள்ளே விடவில்லை. மூக்கு டாக்டரிடம் அனுப்ப ஒரு சீட்டு எழுத வேண்டும். சீட்டில் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் பழைய படிவம் வெளியே வரும். வாங்கிய கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். ஒரு தடவை எழுதிய மைனரைக் காப்பாற்ற இன்னொரு மைனர் தேவைப்பட்டது. முதல் தடவையாவது மேலாளர் எதிரே இருந்தார். இரண்டாவது தடவை என் அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

தின்னர் டிரம்கள் இருக்கும் கிடங்குக்குப் பொறுப்பாளர் அவர். வாசனை தெரியாத ஒருவரை அங்கே தொடர விடக்கூடாது என்பது இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கு இருபது வருட அனுபவம் இருந்தது.

நாலு மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணி. ஞாயிறு முழுக்கப் பூட்டியிருந்த கிடங்கில் ஒரு டிரம்மின் மூடி கசிந்திருந்தது. பக்கத்து ஷெட்டில் இருந்தவர்களுக்கே நெடி அடித்ததாம். டேவிட் ஷட்டரைத் தூக்கினார். வழக்கமாக அவர் வாசலில் நின்று இரண்டு முறை மோந்து பார்ப்பார். நெடி அதிகமானால் ஷட்டரைத் திறந்தபடி விட்டு, அரைமணி நேரம் யாரையும் உள்ளே விடமாட்டார். அன்றைக்கும் மோந்து பார்த்தார். பழக்கம். ஒன்றும் வரவில்லை. “வா ராமுலு, ஃபேனைப் போடு” என்று சொல்லிவிட்டு, வெளியே மேஜையில் இருந்த பதிவேட்டில் கையெழுத்துப் போடத் திரும்பினார்.

ராமுலுவுக்கு நெடி அடித்திருக்கிறது. பிறகு விசாரணையில் அவரே சொன்னார். “வாசனை வந்துச்சு. ஆனா அங்க எப்பவும் வரும். டேவிட் பார்த்துட்டுச் சொல்றான்னா சரியாத்தான் இருக்கும்னு போனேன்.” பன்னிரண்டு வருடம் டேவிடின் மூக்கை நம்பியே உள்ளே போனவர்.

சுவிட்சில் கை வைத்தார். பொறி பறந்தது. அந்த மாதிரி சுவிட்ச் அந்த இடத்தில் இருந்திருக்கவே கூடாது என்பது தனிக் கதை. டேவிட் பாய்ந்து அவரை வெளியே இழுத்தார். உயிர் பிழைத்தது. இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்துபோயிருந்தன. பலமுறை தோல் ஒட்டினார்கள். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த வடநாட்டுக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். நான் மேஜையின் ஓரத்தில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். டேவிட் எதிர் நாற்காலியில். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார்.

“பக்கத்து ஷெட்டில் இருந்தவர்களுக்கு நெடி தெரிந்திருக்கிறது. வாசலில் நின்ற உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது?”

“எனக்கு வாசனை தெரியாது சார். தலையில் அடிபட்டதிலிருந்து.”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “தலையில் அடிபட்டதா?”

அந்தக் கோப்பு என் முன்னால் விரித்தே இருந்தது. என் கையெழுத்து. என் டிக்.

“ஒரு சம்பவம் இருந்தது சார். மைனர்” என்றேன்.

“வாசனை போனதாக மருத்துவப் பதிவு ஏதாவது?”

“இல்லை சார்.”

இரண்டு பதில்களிலும் பொய் என்று நிரூபிக்க ஒரு வார்த்தை கிடையாது. பதிவு இல்லைதான். இல்லாமல் செய்தது யார் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. டேவிட் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். அடுத்த வாக்கியத்தை நான் இதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பவரைப்போலப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குள் அவர் மூக்கு டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தார். தீவிபத்துக்குப் பிறகு வாங்கியது, புகையால்கூட வந்திருக்கலாம் என்று குழு ஒதுக்கிவிட்டது. முடிவில், பொறுப்பாளரின் அலட்சியம் என்று எழுதினார்கள். தலையில் அடிபட்டு வாசனை போனது என்ற கதை, தப்பிப்பதற்காகப் பிற்பாடு சேர்த்தது என்றும் எழுதினார்கள். அவரைப் பழைய இரும்பு கொட்டும் முற்றத்துக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு நின்றது.

இதையெல்லாம் டேவிட் பொறுத்துக்கொண்டிருப்பார். அவரை முறித்தது வேறு. அறிக்கை தொழிற்சாலை முழுக்கப் பரவி, ஆஸ்பத்திரியில் இருந்த ராமுலு காதுக்கும் போயிற்று. ராமுலுவைப் பார்க்க டேவிட் போனபோது, ராமுலு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம். “என் கை போச்சு, நீ மூக்கு போச்சுன்னு கதை சொல்றியா?” என்றாராம். டேவிட் மறுபடியும் இரண்டு தடவை போனார். மூன்றாவது தடவை ராமுலுவின் மனைவி வாசலிலேயே நிறுத்தித் திருப்பியனுப்பிவிட்டார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உரிய காலத்தில் பதவி உயர்வு வந்தது. மாலை போட்டு வழியனுப்பினார்கள். மேலாளரும் பேசினார், எங்கள் தொழிற்சாலையின் மனச்சாட்சி என்று என்னைச் சொன்னார். நான் கை கூப்பினேன்.

கொண்டாப்பூரிலிருந்து திரும்பிய மறுநாள் டேவிட் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் ஸ்டெல்லா. என்னை அடையாளம் தெரிந்ததும் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. திரும்பி, “உங்க சேஃப்டி சார் வந்திருக்காரு” என்று உள்நோக்கிச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டுப் போனார்.

டேவிட் மெலிந்திருந்தார். அவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. நான் உட்காராமலேயே சொல்ல ஆரம்பித்தேன். டிக் போட்டதை, ஸ்கேன் எடுக்காமல் விட்டதை, டீ டம்ளரோடு அவர் வந்த நாளில் எனக்கு ஓரளவு தெரிந்திருந்ததை. பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“கைக்கு சார் எனக்குச் சொல்றீங்க? இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் தலை, என் மூக்கு.”

“மன்னிப்பு கேக்கணும்னுதான்…”

“வாயால நக்கோ சார். அன்னைக்கு வாயாலயா சொன்னீங்க? எழுதித்தானே போட்டீங்க. இப்பவும் எழுதுங்க.”

ஸ்டெல்லா ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பேனாவையும் வைத்தார். தண்ணீர் வைக்கவில்லை. நான் ஆங்கிலத்தில் எழுதினேன், அலுவலகத்துக்கு அந்த மொழியில்தான் புரியும் என்பதால். அன்று எத்தனை மணிக்கு விழுந்தார், எத்தனை நிமிஷம் நினைவு தப்பியது, கேட்டதையே கேட்டார், டாக்டர் என்ன சொன்னார், நான் என்ன செய்யவில்லை. டேவிட் சொன்ன தேதிகளைச் சேர்த்தேன். ஒரே தாளில் இரண்டு பக்கம் வந்தது. தெருமுனையில் நகலெடுத்து வந்து மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

டேவிட் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

“ஒண்ணு ஆபீசுக்கு அனுப்புங்க. என்ன பண்ணுவாங்களோ பண்ணட்டும். ஒண்ணு இங்க இருக்கட்டும். மூணாவதை எடுத்துட்டு ராமுலு வீட்டுக்குப் போங்க.”

“நீங்களும் வாங்களேன். சேர்ந்து போவோம்.”

“நான் போனா கதவு தொறக்காது சார். உங்களுக்குத் தொறக்கும். நீங்க பெரிய ஆபீசர்ல.” அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இதை எழுதும்வரை பதில் இல்லை.

ராமுலு வீடு குகட்பள்ளியில் எங்கள் ஹவுசிங் போர்டு காலனிக்குப் பின்னால், நடந்து போகும் தூரம். இத்தனை வருடமும் காய்கறி வாங்க அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு நேராகப் போனேன்.

டேவிட் சொன்னதுபோலவே கதவு திறந்தது. ராமுலுவின் மனைவி நாற்காலி போட்டார். ராமுலு எழுந்து நின்று, மடங்கிய கைகளைச் சேர்த்து வணக்கம் சொன்னார். காகிதத்தை நீட்டினேன். “இங்கிலீஷா சார்? எனக்கு வராது. நீங்களே படிச்சுச் சொல்லுங்க” என்றார் தெலுங்கில்.

எனக்குத் தெரிந்த தெலுங்கு தொழிற்சாலைத் தெலுங்கு. ஒவ்வொரு வரியாகப் படித்து, மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். விழுந்தது, நினைவு தப்பியது எல்லாம் சுலபமாக வந்தன. காயம் மைனர் என்று நான் பதிவு செய்தேன் என்ற வரியில் நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் அது சட்டை போட்ட சொல். தெலுங்கில் அதற்கு ஒரே சொல்தான் எனக்குத் தெரியும். தமிழிலும் அதே சொல்தான்.

“சின்ன தெப்ப” என்றேன். சின்ன அடி.

ராமுலு தன் கைகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“எவரிக்கி சார் சின்னதி?” என்றார்.

யாருக்குச் சின்னது என்று கேட்கிறார். அகராதியிலிருந்து நான் கண்டுபிடித்த எதைவிட என்ற கேள்விகூட அதற்குப் பக்கத்தில் வராது. நான் மீதி வரிகளைப் படித்து முடித்தேன்.

“அப்ப டேவிட் மூக்கு விஷயம் நிஜமா?”

“நிஜம்.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“தீப்பிடிக்கிறதுக்கு நாலு மாசம் முன்னால.”

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ராமுலு முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். இந்தத் தடவை எந்த வரியிலும் அவர் நிறுத்தவில்லை. முடித்ததும் காகிதத்தை வாங்கக் கை நீட்டினார். அந்த விரல்களால் ஒற்றைத் தாளைப் பிடிக்க முடியவில்லை. அவர் மனைவி வந்து என்னிடமிருந்து வாங்கி, மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தார்.

நான் எழுந்தேன். ராமுலுவும் எழுந்து வாசல்வரை வந்தார்.

“டேவிடை வரச் சொல்லுங்க சார்” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து, சொல்கிறேன், நாளைக்கே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

“அவனை மட்டும் அனுப்புங்க” என்றார். “நீங்க வராதீங்க.”